முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்த காலம்

சென்னை சிந்தாதிரிப்பேட்டைக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் பலருக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதுதான் நாளடைவில் அப்படி மருவியது என்பார்கள். 1734 இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கூவம் வளைந்து ஓடும் இடத்தில் ஒரு வணிகரின் தோட்டத்தைத் தன்வசமாக்கி, தெருப் பிரித்து, நெசவாளர்களை அழைத்து வந்து குடியமர்த்தியது. நூற்பவர்கள், நெய்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள், வெளுப்பவர்கள் என்று துணித்தொழில் செய்பவர்களுக்காகவே உண்டாக்கிய பேட்டை அது. வீடு கட்டிக்கொள்ளக் கடனும் கொடுத்தார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடல் கடந்து வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, நெசவாளியை வருந்தி அழைத்து, மனை கொடுத்து, கடன் கொடுத்து, ‘இங்கேயே இருங்கள், எங்களுக்கு நெய்யுங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அதே நெசவாளியின் பேரன் காலத்தில் கம்பெனியின் சேவகன் வந்து வாசலில் நின்று அதட்டுகிறான். கொள்ளுப்பேரன் காலத்தில் கம்பெனிக்கு அந்தத் துணியே தேவைப்படவில்லை. நூறு ஆண்டுக்குள் இப்படித் தலைகீழாக என்ன நடந்தது? உலகமயமாக்கல் ஏன் சிலரை ஏற்றியும் சிலரை இறக்கியும் விடுகிறது என்று புரிந்துகொள்ள இந்தத் துணியின் கதையைப் போல எனக்கு உதவியது வேறொன்றும் இல்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்கத் துணியையும் பஞ்சையும் பிடித்துக்கொண்டே போகப் போகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். சரக்கும் பணமும் ஆட்களும் எல்லை தாண்டிப் போய்வருவதால் தூரத்து ஊர்களின் பிழைப்பு ஒன்றோடொன்று பிணைந்துவிடுகிறதே, அதுதான் உலகமயமாக்கல். இந்தியாவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பொருளாதாரத் தாராளமயம் வந்த 1991 தான் நினைவுக்கு வரும். ஆனால் விஷயம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது.

அடுத்தது ஏற்றத்தாழ்வு. இதில் இரண்டு வகை உண்டு. ஒரே நாட்டுக்குள் பணக்காரருக்கும் ஏழைக்கும் இருப்பது ஒன்று. ஒரு நாட்டின் சராசரி மனிதருக்கும் இன்னொரு நாட்டின் சராசரி மனிதருக்கும் இருப்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இதைப் பற்றிய பாதிச் சண்டைகள் வருகின்றன. பொருளாதார வரலாற்றாளர் ஆங்கஸ் மாடிசன் போட்ட கணக்கின்படி, 1820 இல் ஒரு சராசரி பிரிட்டன்காரரின் வருமானம் சராசரி இந்தியருடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 1913 இல் அது ஏழு மடங்கைத் தாண்டியது. 1950 இல் பதினோரு மடங்கு. தொடக்க ஆண்டுகளுக்குப் புள்ளிவிவரத் துறை கிடையாது, இவை மதிப்பீடுகள்தான். ஆனாலும் இடைவெளி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக விரிந்தது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

வெள்ளி கொண்டுவந்து துணி வாங்கியவர்கள்

ஐரோப்பியர்கள் ஆசியாவுக்கு வந்தபோது அவர்களிடம் நாம் வாங்க ஆசைப்படும் சரக்கு அதிகம் இல்லை. கம்பளித் துணியை வைத்துக்கொண்டு சோழமண்டலக் கரையில் யார் என்ன செய்வது? அவர்களிடம் இருந்தது வெள்ளி. அதுவும் அவர்கள் மண்ணில் விளைந்தது இல்லை. இன்றைய பொலிவியாவில் பொட்டோசி என்றொரு மலை. 1545 இல் ஸ்பானியர்கள் அங்கே வெள்ளியைக் கண்டார்கள். 1570களில் சுற்றுவட்டாரப் பழங்குடி ஊர்கள் முறைவைத்துத் தங்கள் ஆண்களைச் சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அப்படிப் போய் மலைக்குள் இறங்கியவர்கள் தோண்டிய வெள்ளிதான் ஐரோப்பா வழியாகப் பழவேற்காட்டுக்கும் சென்னப்பட்டினத்துக்கும் வந்து, வராகனாக மாறி, துணி வணிகர் கைக்குப் போனது.

டச்சுக்காரர்கள் 1613 இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். ஆங்கிலேயர்கள் 1639 இல் சென்னைக் கரையில் இடம் வாங்கினார்கள். ஒழுங்கான துறைமுகமே இல்லாத, அலை அடித்துப் புரட்டும் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான்.

அந்தத் துணி எங்கெல்லாம் போனது தெரியுமா? ஜாவாவுக்கும் மலாக்காவுக்கும் முன்பே போய்க்கொண்டிருந்தது. பிறகு லண்டன், ஆம்ஸ்டர்டாம். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா. இந்த மூன்றாவது பயணத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 18 ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்கு ஏற்றிப் போன சரக்கில் துணிதான் பெரும்பங்கு. அதில் இந்தியத் துணிக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆப்பிரிக்க வணிகர்கள் நிறமும் கரையும் பார்த்துத்தான் வாங்குவார்கள், போலியைக் கொடுத்தால் ஒதுக்கிவிடுவார்கள். புதுச்சேரிப் பக்கம் அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்த நீலத் துணி செனெகல் ஆற்றங்கரையில் பணம் போலவே புழங்கியது. அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு விலையாகக் கைமாறியது நம் கரையில் நெய்த துணி. குழியில் கால் வைத்து நாடா எறிந்துகொண்டிருந்த நெசவாளிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பொட்டோசியில் வெள்ளி தோண்டியவருக்கும் அது எங்கே போகிறது என்று தெரியாது. ஆனால் இவர்கள் எல்லோருடைய நாளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தது.

முன்பணம்

இப்போது நெசவாளியின் வீட்டுக்குள் வருவோம். இந்தக் கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஒரு துண்டு நெய்ய முதலில் நூல் வாங்க வேண்டும். பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், ஓட்ட வேண்டும். தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, தூரிகையால் நீவி, வெயிலில் காயவிட வேண்டும். அச்சில் ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தார் சுற்றித் தர வேண்டும். இவ்வளவும் முடிந்து தறியில் கை வைக்கவே பல நாள் ஆகும். துணி முடிந்து காசாகும்வரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே? அதற்குத்தான் முன்பணம். வணிகர் முன்கூட்டியே பணம் கொடுப்பார், நெசவாளி பேசிய கணக்குக்குத் துணி கொடுப்பார்.

முன்பணம் என்றாலே கொத்தடிமைத்தனம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் கரையில் நிலைமை வேறு. நெசவாளிக்கு மனம் மாறினாலோ வேறு ஆள் கூடுதல் விலை சொன்னாலோ, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். வணிகரால் அப்படி எளிதில் விலக முடியாது. நெய்த துணி கொஞ்சம் தரம் குறைந்தாலும் பேரம் பேசி எடுத்துத்தான் ஆக வேண்டும். வாங்க ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனியர், போதாததற்கு உள்ளூர் வணிகர் என்று பலர் போட்டி போட்டார்கள். ஓர் ஊரில் வரி அதிகமானால் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த பாளையத்துக்குப் போய்விடுவார்கள். இவர்களை இழுத்துவைக்க ஆட்சியாளர்கள் சலுகை கொடுப்பது பழைய வழக்கம். விஜயநகர காலத்தில் கைக்கோளர்கள் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த நாளில் தென்னிந்திய நெசவாளியின் கூலியைத் தானியமாக மாற்றிக் கணக்குப் பார்த்தால் இங்கிலாந்து நெசவாளிக்குக் குறைவில்லை என்று சில ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். வேறு சிலர் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. எனக்கு அந்த எண்ணைவிட, வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக அவருக்கு வழி இருந்தது என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இது பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அதே நாளில் தஞ்சை வயல்களில் பண்ணையாள்கள் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தார்கள். நூல் நூற்ற பெண்களுக்குக் கிடைத்தது சொற்பம். சாதி, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்றுகூடத் தீர்மானித்தது. ஊருக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை வெள்ளைக்காரர் கொண்டுவரவில்லை. அவர்கள் வந்த பிறகு மாறியது வேறொன்று.

1765 இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனிக்குப் போனது. அன்றிலிருந்து அங்கே துணி வாங்க வெளியிலிருந்து வெள்ளி கொண்டுவர வேண்டிய தேவை குறைந்தது. குடிகளிடம் வரியாக வாங்கிய பணத்தை வைத்தே அந்தக் குடிகளின் துணியை வாங்கினார்கள். நம் பையிலிருந்து எடுத்த காசை நம்மிடமே கொடுத்து நம் சரக்கை எடுத்துப் போவது போல. தெற்கே 1792, 1799, 1801 என்று அடுத்தடுத்துப் பாராமகால் (சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம்), தஞ்சை, கர்நாடகம் (ஆற்காட்டு நவாபின் சீமை) எல்லாம் கம்பெனி ஆட்சிக்குள் வந்தன. இப்போது வாங்குபவரும் அவர், ஆளுபவரும் அவர், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவரும் அவர். வேறு வணிகருக்கு நெய்யக் கூடாது. கம்பெனிக்குச் சேர வேண்டிய துணி முடியும்வரை தறியில் வேறு பாவு ஏற்றக் கூடாது. பாக்கி இருந்தால் சேவகன் வந்து உட்காருவான், அவன் படிச்செலவும் நெசவாளி தலையில். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் உரிமை போய்விட்டது. அதே தறி, அதே துணி, அதே கடல்தான். மாறியது அந்த ஒன்றே ஒன்று.

இங்கிலாந்து வேண்டாம் என்று சொன்னபோது

மறுபக்கம் இங்கிலாந்து என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். சுதந்திர வணிகத்தால்தான் அந்த நாடு வளர்ந்தது என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

இந்தியச் சீட்டித் துணி லண்டன் பெண்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. துவைக்கலாம், சாயம் போகாது, கோடையில் உடம்பில் இதமாக இருக்கும். அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1719 இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, இந்தியத் துணி உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள், மேலே மையை ஊற்றினார்கள். பாராளுமன்றம் நெசவாளர் பக்கம் நின்றது. அச்சிட்ட இந்தியத் துணியை இங்கிலாந்தில் அணிவதற்கு 1700 ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே தடை போட்டிருந்தது. 1721 இல் போட்ட சட்டம் பெரும்பாலான பருத்தித் துணிகளின் உபயோகத்தையே தடுத்தது. பிரான்ஸ் 1686 இலேயே தடை செய்து 1759 வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தடையின் நிழலில் உள்ளூர்ப் பருத்தித் தொழில் வளர்ந்தது. பிறகு இயந்திரங்கள் வந்தன. ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் என்று 1760களிலிருந்து 1779 க்குள் நூற்பு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ பஞ்சை நூலாக்க, இந்தியாவில் கையால் நூற்பவருக்கு 50,000 மணி நேரம் ஆகும். கிராம்ப்டன் இயந்திரத்தில் 1780 வாக்கில் 2,000 மணி நேரம். 1825 இல் தானியங்கி இயந்திரத்தில் 135 மணி நேரம். இந்த வேகத்தின் முன் எந்த ராட்டையும் நிற்க முடியாது. ஆட்சி யாருடையதாக இருந்தாலும் கையால் நூற்பது அடிபட்டிருக்கும் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாப் பழியையும் சுங்கவரிமேல் போடுவது சரியில்லை.

ஆனால் அடி விழும்போது கை வைத்துத் தடுக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. 1813 வாக்கில் இந்திய வெள்ளைத் துணிக்கு இங்கிலாந்தில் 80 சதவீதத்துக்கும் மேல் வரி. அங்கிருந்து இங்கே வந்த துணிக்கு 2.5 அல்லது 3.5 சதவீதம்தான். 1882 இல் துணிக்கான இறக்குமதி வரியையே எடுத்துவிட்டார்கள். அரசுக்குப் பணம் போதாமல் 1894 இல் மறுபடியும் இறக்குமதி வரி போட்டு, 1896 இல் அதை 3.5 சதவீதம் ஆக்கியபோது, மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பாதகம் வந்துவிடக் கூடாது என்று இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீதம் உள்நாட்டு வரி போட்டார்கள். தன் நெசவாளிக்காக இங்கிலாந்து வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அந்தச் சொல்லைச் சொல்ல இந்தியாவுக்கு வாய் இல்லை.

இயந்திரத்துக்குப் பஞ்சு வேண்டும். அது எங்கிருந்து வந்தது? 1793 இல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தை எலி விட்னி கண்டுபிடித்த பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்கள் முழுக்கப் பருத்திக் காடாக மாறின. 1790 இல் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர். 1860 இல் ஏறக்குறைய 40 லட்சம். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தின்ற பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் பறித்தது. மான்செஸ்டர் நூல் மலிவாக இருந்ததற்கு இயந்திரம் ஒரு காரணம் என்றால், கூலியே வாங்காத இந்தக் கைகள் இன்னொரு காரணம்.

உலகத் தொழில் உற்பத்தியில் இந்தியாவின் பங்கு 1750 இல் ஏறத்தாழ 25 சதவீதம், 1900 இல் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று பொருளாதார வரலாற்றாளர் பால் பெய்ரோக் கணக்கிட்டார். அதே காலத்தில் பிரிட்டனின் பங்கு 2 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு மேல் போனது. இதைப் படித்துவிட்டு இந்தியத் தறிகள் எல்லாம் அழிந்துபோயின என்று நினைக்கக் கூடாது. மலிவான ஆலை நூலை வாங்கி நெய்து நெசவாளர்கள் பலர் தாக்குப்பிடித்தார்கள், இன்றும் பிடிக்கிறார்கள். பிரிட்டன் பல மடங்கு பெருக்கியதால் நம் பங்கு சுருங்கித் தெரிகிறது என்பதும் உண்மை. முற்றாகத் துடைத்து எறியப்பட்டவர்கள் நூற்றவர்கள். அவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள்.

சாந்திப்பூர் விதவையின் கடிதம்

1828 இல் ‘சமாச்சார் தர்ப்பண்’ என்ற வங்காளப் பத்திரிகையில் சாந்திப்பூரிலிருந்து ஒரு நூற்புப் பெண் எழுதிய கடிதம் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்தவர். பெண் பிள்ளைகள், வயதான மாமனார் மாமியார் எல்லோரையும் ராட்டை ஒன்றை வைத்தே காப்பாற்றியவர். நெசவாளர்கள் வீட்டு வாசலுக்கு வந்து நூல் வாங்கிப் போவார்கள், கேட்டால் முன்பணமும் தருவார்கள். அந்த வருமானத்தில் பெண்களுக்குக் கல்யாணம் செய்தார், மாமனாரின் காரியத்தையும் குறைவில்லாமல் நடத்தினார். பிறகு ஒருநாள் நெசவாளர்கள் வருவது நின்றது. நூலை அவரே சந்தைக்கு அனுப்பினால் கால்பங்கு விலைகூட இல்லை. விசாரித்தபோது சீமை நூல் வந்திறங்குகிறது என்றார்கள்.

அந்தக் கடிதத்தில் எனக்கு நெஞ்சைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. சீமையில் இருப்பவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன், என்னைவிட ஏழைப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள் போலிருக்கிறது, இவ்வளவு கஷ்டப்பட்டு நூற்றதை அங்கே விற்க வழியில்லாமல்தானே இவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள் என்று அவர் எழுதுகிறார். இயந்திரம் என்ற ஒன்றை அவர் பார்த்ததில்லை. இருந்தும் பாதி சரியாகத்தான் சொல்லிவிட்டார். அந்த ஆலைகளில் சிறு பிள்ளைகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்தார்கள். லங்காஷயரின் கைத்தறி நெசவாளர்களின் வாரக்கூலி முப்பது ஆண்டில் கால்பங்கு அளவுக்கு இறங்கியது. அங்கே உற்பத்தி எகிறிய முதல் சில பத்தாண்டுகளில் சாதாரணத் தொழிலாளியின் கூலி அதற்கு ஏற்ப உயரவே இல்லை. லாபம் ஆலை முதலாளியிடம் தங்கியது.

இரண்டு வகை ஏற்றத்தாழ்வு என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அவை இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்ததை இந்தக் கடிதத்தில் பார்க்கலாம். பிற்பாடு இங்கிலாந்துத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள், வாக்குரிமை வாங்கினார்கள், பிள்ளைகளின் வேலை நேரத்துக்குச் சட்டம் வந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் கூலி ஏறியது. சாந்திப்பூர்ப் பெண்ணுக்கு அப்படி எந்தக் கதவும் திறக்கவில்லை.

விலைகள் ஒட்டிக்கொண்டபோது

1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல், ரயில், தந்தி எல்லாம் கைகோத்தன. சிகாகோ கோதுமை லிவர்பூலில் 1870 இல் 57 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றது, 1913 இல் அந்த வித்தியாசம் 15 சதவீத அளவுக்குச் சுருங்கியது. பொருளாதார வல்லுநர்கள் பலர் இதைத்தான் உண்மையான உலகமயமாக்கலின் தொடக்கம் என்பார்கள். ஓர் ஊரின் விலை ஏறினால் கடலுக்கு அப்பாலிருந்த ஊரிலும் ஏறும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அந்த ஒட்டுதல் யாருக்கு எப்படி வேலை செய்தது என்பதற்கு 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பார்க்க வேண்டும். ரயில் இருந்தது. தானியமும் நாட்டில் இருந்தது. ஆனால் ரயில் பசியைப் பார்த்துப் போகாது, விலையைப் பார்த்துத்தான் போகும். அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதி ஆனது. கையில் காசு இல்லாதவர் கண்முன்னால் மூட்டை போனாலும் வாங்க முடியாது. நெசவாளர்கள் முதலிலேயே வீழ்ந்தார்கள், பஞ்சத்தில் யார் புதுத் துணி வாங்குவார்கள்? நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். அது உடம்பு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். இறந்தவர்கள் பல லட்சம். நாடு முழுவதற்கும் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல் என்பார்கள்.

ஊரில் பிழைக்க முடியாதவர்கள் கப்பல் ஏறினார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து முதல் உலகப்போர் வரை ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போனார்கள். அயர்லாந்திலும் ஸ்வீடனிலும் ஆள் குறைந்ததால் அங்கே தங்கியவர்களின் கூலி ஏறியது. அமெரிக்கக் கூலியோடு இருந்த இடைவெளி குறைந்தது. உலகமயமாக்கல் ஏற்றத்தாழ்வைக் குறைத்த உண்மையான உதாரணம் இது, இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கதவு ஆசியர்களுக்கு மூடியிருந்தது. சீனத் தொழிலாளர் வரக் கூடாது என்று அமெரிக்கா 1882 இல் சட்டம் போட்டது. வெள்ளையர் அல்லாதவர் குடியேற முடியாதபடி ஆஸ்திரேலியா 1901 இல் செய்தது.

தமிழர்களுக்குத் திறந்திருந்த கதவு மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், பிஜி, மலாயா, இலங்கை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி என்ற ஆள்சேர்க்கும் மேஸ்திரி வழியாகப் போனவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே வழிச்செலவுக் கடனோடு கிளம்பினார். அங்கே ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. கங்காணியின் கூட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பார். அந்தக் கடனை அடைக்க அடுத்த தோட்டம் ஒப்புக்கொண்டால்தான் இங்கிருந்து போக முடியும். 1921 இல்தான் துண்டு முறை ஒழிந்தது. முன்பணம் என்பது நெசவாளிக்கு ஒரு காலத்தில் என்னவாக இருந்தது, தோட்டத் தொழிலாளிக்கு என்னவாக ஆனது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜப்பானை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேற்கு நாடுகள் 1866 இல் அதன் சுங்கவரியை 5 சதவீத அளவில் கட்டிப்போட்டன. ஜப்பான் விடாமல் போராடி 1911 இல் முழு உரிமையையும் மீட்டது. ஆட்சி அதன் கையிலேயே இருந்ததால் இடைப்பட்ட காலத்திலும் ஆலை கட்ட, பள்ளி திறக்க, நூற்பு இயந்திரம் வாங்கப் பணத்தைத் திருப்ப முடிந்தது. 1930களில் ஜப்பான் துணி இந்தியச் சந்தையில் மான்செஸ்டரைத் திணறடித்தது.

நம் காலம்

சுமார் 1990க்குப் பிறகு ஒரு திருப்பம் வந்தது. சீனாவும் இந்தியாவும் வேகமாக வளர்ந்ததால், நாட்டுக்கு நாடு இருந்த இடைவெளி இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு குறையத் தொடங்கியது. கூடவே அமெரிக்கா, சீனா, இந்தியா என்று பல நாடுகளுக்குள்ளேயே பணக்காரருக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி கூடியது. ஒன்றைக் காட்டி ‘உலகமயமாக்கல் நல்லது’ என்பார்கள், மற்றொன்றைக் காட்டி ‘கெட்டது’ என்பார்கள். இரண்டு பேரும் வெவ்வேறு ஏற்றத்தாழ்வைப் பேசுகிறார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

துணிக்கே திரும்பி வருவோம். ஏழை நாடுகளிலிருந்து வரும் துணிக்குப் பணக்கார நாடுகள் 1974 முதல் 2004 முடிய அளவு வைத்துக் கட்டுப்படுத்தின. திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி செய்தவர்களுக்குக் கோட்டா என்ற சொல் நன்றாக நினைவிருக்கும். 1721 சட்டத்தின் தூரத்து உறவு அது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு தொழிலாளர்களை வெளியேற்றியிருந்தார்கள். மறுநாள், வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் உள்ளே போனவர்கள் அவர்கள்.

கடைசியாக, பஞ்சு. அமெரிக்க அரசு தன் பருத்தி விவசாயிகளுக்குப் பெரும் மானியம் கொடுத்துவந்தது. அதனால் உலக விலை சரிந்தது. பாதிக்கப்பட்ட பிரேசில் 2002 இல் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. பதிலடியாக அமெரிக்கச் சரக்குக்கு வரி போடுவோம், காப்புரிமையிலும் கை வைப்போம் என்றது. பிரேசில் சந்தை பெரிது, அமெரிக்காவால் அலட்சியம் செய்ய முடியவில்லை. ஆண்டுக்கு 14.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, 2014 இல் மேலும் 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

அதே மானியத்தால் அடிபட்ட பெனின், புர்க்கினா ஃபாசோ, மாலி, சாட் நான்கும் 2003 இல் அதே அமைப்பிடம் போய் முறையிட்டன. இவற்றில் சாட் தவிர்த்த மூன்றும், மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்துக்குத் தன் ஆட்களைப் பறிகொடுத்த பகுதியைச் சேர்ந்த நாடுகள். அவர்களால் வரி போட்டு மிரட்ட முடியாது, அவர்கள் சந்தையை இழந்தால் அமெரிக்காவுக்கு வலிக்காது. கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானத்தில் பருத்தி இடம்பெற்றது. 2015 இல் நைரோபியில் பருத்தி ஏற்றுமதி மானியத்தை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். உள்நாட்டு மானியத்தைப் பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.